ஆப்பிரிக்கக் கானகச் செலவு

(நம் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இலக்கணமும் இலக்கியமும் கற்பித்துக் காலங்கழிக்கும் தமிழாசிரியராகிய எம்மை ஆப்பிரிக்கக் கானகங்களைப்பற்றிப் பேசுமாறு சங்கச் செயலாளர் பணித்தபோது யாம் நாணினோம். அவர் காட்டிய காரணம் எம் நாணத்தைப் போக்கிற்று. நம்மவருள் இரண்டு குடும்பத்தார் வருகிற விடுமுறையில் கென்யா நாட்டுக்குச் செல்லக் கருதியுள்ளனராம். சென்று மீண்டவர் சொல்லைக் கேட்டபின் பணங் கட்டலாமே என்பது அவர் கருத்து. எம் தமையனார் புதல்வர் நைரோபி நகரிற் கணக்கராகப் பணியாற்றுகின்றார். அவர் அழைப்பை ஏற்று, சென்ற ஆண்டு காலாண்டுத் தேர்வு விடுமுறையில் யாமும் எம் இல்லாளும் அங்குச் சென்று ஒன்பது நாள் தங்கினோம். எம் தகுதி அவ்வளவே. யாம் கண்ணாற் கண்டதனையும், நூல்வழியும் சென்றோர் வாய்வழியும் அறிந்ததனையும் வேறுவேறாகவே கூறுவோம். எம்மால் நேர்ந்த பிழை ஒன்றனையும் மறையாது கூறுவோம்.

முதற்கண் சொல்லாராய்ச்சி செய்தல் தமிழாசிரியர் வழக்கமன்றோ? 'சபாரி' என்பது கிழக்காப்பிரிக்காவில் வழங்கும் சுவாகிலி மொழிச்சொல். பயணம் என்பதே அதன் பொருள். அது 'சபர்' என்னும் அரபுச் சொல்லினின்று பிறந்தது. நம் கடற்கரை ஊர்களிலுள்ள முஸ்லிம் அன்பர்கள் பிறநாடு செல்லுதலைச் 'சபர்' என்றும், சென்றவரைச் 'சபராளி' என்றும் கூறுதலை நீவிர் கேட்டிருப்பீர்கள். இதற்கு நேரான பழந்தமிழ்ச் சொல் 'செலவு' என்பதாகும். செல்லுதல் என்று பொருள்பட்ட அச்சொல் இந்நாளிற் கைப்பொருளை இழத்தலையே பெரிதுங் குறிக்கின்றது. சபாரிக்கும் அந்நிலையே வந்துற்றதோ என எண்ண இடமுண்டு. எத்தனை நாள், எத்தனை டாலர் என்று கேட்பார் பலர். எவ்வாறு சென்று எவ்வாறு காண்பது என்று கேட்பார் சிலர். அச்சிலருள் நம்மவரும் சேர்தல் வேண்டும் என்பதே எம் வேட்கை.

முற்காலத்துச் சபாரி வேட்டையாகவே இருந்தது. அமெரிக்க நாட்டின் குடியரசுத் தலைவராயிருந்து அப்பதவியினின்று நீங்கிய தியோடர் ரூசுவெல்ட் என்பார் 1909-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் மொம்பாசாவிற் கரையேறினார். நூற்றுக்கணக்கான சுமையாளர் உடன்செல்ல, அவரும் அவர் மைந்தருமாகச் சுட்டு வீழ்த்திய விலங்குகள் 512 ஆகும். காட்சிச்சாலைக்குப் பொருள் திரட்டுதல் என்பது அச்செலவின் நோக்கமாகக் கூறப்பட்டது. அந்நாளை வேட்டைக்காரர், காலால் நடந்துசென்று வேட்டையாடுதற்குப் பேரிடர் விளைக்கும் விலங்குகள் என ஐந்தனைத் தொகுத்து வைத்தனர். சிங்கம், சிறுத்தை, யானை, காண்டாமிருகம், எருமை என்பன அவை. 'ஐம்பெரு விலங்கு' என்று அவற்றை நாம் வழங்கலாம். கென்யா நாடு 1977-ஆம் ஆண்டில் வேட்டையை விலக்கிவிட்டது. பணங் கொடுத்து வேட்டையாடும் வழக்கம் தென்னாப்பிரிக்கா, நமீபியா, தான்சானியா முதலிய நாடுகளில் இன்றும் உண்டு. துப்பாக்கி ஏந்தாது செல்லும் நம்போன்றோரும் அவ்வேட்டைக்காரர் தொகுத்த ஐந்தனையே இன்னும் தேடி ஓடுகின்றோம். ஐந்தனையும் கண்டவன் வென்றவன், நான்கினைக் கண்டவன் குறையுடையான் என்று கருதுகின்றோம். இவ்வெண்ணத்தோடுதான் யாமும் புறப்பட்டோம்.

இனிக் காணும் முறைகளைக் கூறுவோம். முதலாவது, வண்டியிற் சென்று காணுதல். பெரும்பாலோர் இம்முறையே செல்வர். மேற்கூரை திறக்கும் உயர்ந்த வண்டி, வழியறிந்த ஓட்டுநர், விடியலில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை உலாவருதல் என்பன இதன் அமைதி. யாம் சென்ற மாசாய் மாரா என்னும் காப்பகம் ஏறத்தாழ 1,510 சதுரக் கிலோமீட்டர் பரப்புடையது. அதன் தெற்கே தான்சானியா நாட்டில் 14,763 சதுரக் கிலோமீட்டர் பரந்து கிடக்கின்றது செரங்கெட்டி. 'நூ' என்று வழங்கப்பெறும் மானினம் பத்து இலக்கத்திற்கு மேற்பட்டவை மழையையும் புல்லையும் தொடர்ந்து இவ்விரு நிலங்களிலும் ஆண்டுதோறும் வட்டமாகச் சுற்றிவருகின்றன. பெப்ருவரித் திங்களையொட்டித் தென்செரங்கெட்டியிற் கன்று ஈனுகின்றன. ஜூலை முதல் அக்டோபர் வரை மாரா ஆற்றைக் கடக்கின்றன. அந்நாட்களில் ஆற்றங்கரையில் விலங்கும் மிகுதி; அவற்றைக் காண வரும் வண்டியும் மிகுதி.

வண்டிமுறையைப் பழித்தல் எம் கருத்தன்று. முதியோர்க்கும் சிறார்க்கும் அஃது ஏற்றது. நெடுந்தூரம் செல்லலாம். விலங்குகளும் வண்டியைத் தம்மொடு பொருந்தியதொரு பொருளாகவே கருதி அஞ்சாது நிற்கும். குற்றம் வண்டியினிடத்ததன்று, ஏறியிருப்பார் மனத்தினிடத்தது. அதனை யாம் பட்டறிந்தவாறு கூறுதும்.

இரண்டாம் நாட் காலை. ஒரு பிடியும் அதன் கன்றும் புல் மேய்ந்துகொண்டிருந்தன. தும்பிக்கையை எவ்வாறு பயன்படுத்துவதென்று அக்கன்று இன்னும் கற்றிலது. தன் தும்பிக்கையைத் தானே மிதித்து இடறிற்று. எம் இல்லாள் அதனையே கண்ணிமையாது நோக்கியிருந்தனர். அப்பொழுது ஓட்டுநரின் வானொலிக் கருவியில் ஒரு செய்தி வந்தது. மூன்று கல் தொலைவிற் சிவிங்கி ஒன்று வேட்டைக்குப் பதுங்குகின்றதாம். "வேண்டா; இங்கேயே இருப்போம்" என்றனர் இல்லாள். யாம் கேட்டிலேம். ஓட்டுநரும் தயங்கினார், விரைந்து கொண்டுசென்றால் தனியே இனாம் தருவதாக யாமே சொன்னோம்.

ஆண்டுச் சென்று நோக்கினால், எமக்கு முன்னரே வண்டிகள் வந்து வளைந்து நின்றன. எண்ணினோம், எம் வண்டியொடு பத்தொன்பது. ஒரு விலங்கைச் சூழ ஐந்து வண்டிகளுக்கு மேல் நிற்றலாகாது என்னும் விதி அங்குண்டு. அதனை நினைப்பார் அன்று ஒருவருமிலர். சிவிங்கி புல்லோடு புல்லாய் ஒடுங்கி, அப்பாலுள்ள சிறுமான்களை நோக்கி ஓரடி, ஓரடியாக நகர்ந்தது. நல்ல இடம் தேடிய வண்டி ஒன்று இடையே புகுந்தது. அதன் பின்னே எம் வண்டியும் புகுந்தது. மான்கள் தலைதூக்கின, மறுகணம் அவை அங்கில்லை. சிவிங்கி எழுந்து நின்று, வண்டிகளை ஒருமுறை பார்த்துவிட்டுப் படுத்தது. அதன்பின், யாம் அதுகாறும் காணாத குருளைகள் இரண்டு புல்லினின்று எழுந்து வந்து தாயின் முகத்தை நக்கின.

எல்லோரும் படம் பிடித்தனர். யாமும் பிடித்தோம். எம் ஓட்டுநர் எம்மை 'முவாலிமு' என்றே அழைப்பார். ஆசிரியர் என்பது அதன் பொருள். "முவாலிமு, இன்று காலை அவளுக்கு உணவில்லை" என்றார். வேறொன்றும் அவர் சொல்லவில்லை. வாக்களித்த இனாமை அன்று மாலையிற் கொடுத்தோம், அவரும் பெற்றுக்கொண்டார். கொடுத்த கைதான் கூசிற்று.

ஊர் திரும்பியபின் இதுபற்றித் தேடிப் படித்தோம். சிங்கத்திற்கும் கழுதைப்புலிக்கும் அஞ்சிச் சிவிங்கி பெரும்பாலும் பகலிலேயே வேட்டையாடும். மக்கள் உலாவருவதும் பகலிலேயே. மாரா நிலப்பகுதியில் நிகழ்த்திய ஆராய்ச்சி ஒன்று 2018-ஆம் ஆண்டில் வெளிவந்தது. வண்டிகள் குறைந்த இடங்களில், ஓர் ஈற்றிற் பிறந்த குருளைகளுள் சராசரி இரண்டிற்கு மேற்பட்டவை வளர்ந்து தாயைப் பிரியும் பருவம் எய்துகின்றன. வண்டிகள் மிக்க இடங்களிலோ அத்தொகை ஒன்றிற்கும் மிகக் குறைவு என அஃது உரைக்கின்றது. வேட்டையை விலக்கிய நாட்டில், துப்பாக்கியின்றியே குருளைகளை அழிக்கும் வழியொன்றுளது. அவ்வழியில் யாமும் ஒரு நாட் சென்றோம் என்றுணர்ந்தபோது உள்ளம் நடுங்கிற்று.

இரண்டாவது முறை, காலால் நடந்து காணுதல். மாரா காப்பகத்தைச் சூழ மாசாய் மக்களுக்கு உரிமையான நிலங்கள் உள்ளன. நிலமுடையார் பலர் ஒன்றுகூடித் தம் நிலங்களை இணைத்து, விலங்குகள் உலாவ விட்டு, விடுதி நடத்துவாரிடம் திங்கள்தோறும் வாடகை பெறுகின்றனர். இக்கூட்டுக் காப்பகங்களில் விடுதிகளும் வண்டிகளும் அளவோடு நிற்கும். எம் தமையனார் புதல்வர் அத்தகைய ஓரிடத்தில் இரண்டு நாள் தங்க ஏற்பாடு செய்திருந்தார். ஈட்டி ஏந்திய மாசாய் வழிகாட்டி முன்னும், துப்பாக்கி ஏந்திய காவலர் பின்னுமாக விடியலிற் புறப்பட்டோம். மூன்று மணி நேரத்தில் நான்கு கிலோமீட்டர் நடந்திருப்போம். ஐம்பெரு விலங்குகளுள் ஒன்றனையும் கண்டிலோம்.

ஆயினும் யாம் கண்டவை பல. யானையின் முன்னங்காற் சுவட்டை வழிகாட்டி ஒரு நூலாற் சுற்றளந்து, அதனை இருமடங்காக நீட்டி, "அதன் தோள் இவ்வளவு உயரம்" என்று தம் தலைக்கு மேலே காட்டினார். முள்மரம் ஒன்றன் கிளைகளிற் காய்போன்ற வீக்கங்கள் இருந்தன. அவற்றுள் எறும்புகள் குடியிருந்து, இலைதின்ன வரும் ஒட்டகச்சிவிங்கியைக் கடித்து மரத்தைக் காக்கின்றன. எறும்பு குடைந்த துளைகளிற் காற்றுப் புகும்போது அம்மரம் சீழ்க்கையடிக்கின்றது. சிறிது அப்பால், மணலிற் சிறுசிறு குழிகளைக் காட்டி, "இதனை அறிவீரோ?" என்றார். யாம் சிரித்துவிட்டோம். நம் வீட்டுத் திண்ணையோரத்து மணலில் இளமையில் நாம் தோண்டியெடுத்து விளையாடிய குழியானை அது! ஆங்கிலேயர் அதற்கு எறும்புச் சிங்கம் என்று பெயரிட்டனர். நம்மவர் யானையென்று பெயரிட்டனர். கடல் கடந்து சென்று, திண்ணையோரத்து யானையைக் கண்டு மகிழ்ந்தோம். எம் ஒன்பது நாளுள் மிக இனியது அக்காலைப்பொழுதே.

நடந்து காணும் முறைக்குப் பெயர்போன இடம் சாம்பியா நாட்டிலுள்ள தென்லுவாங்குவா ஆகும். அங்கே நார்மன் கார் என்பார் 1950-ஆம் ஆண்டில், வேட்டைக்கன்றிக் காட்சிக்கென ஒரு பாடிவீடு அமைத்து, அதன் வருவாய் அவ்விடத்து மக்களைச் சேருமாறு செய்தனர். கானகத்தாற் கிடைக்கும் பொருள் கானகத்தருகில் வாழ்வாருக்கு உரியது என்னும் கொள்கை அங்கே வேரூன்றிற்று.

அக்கொள்கை ஏன் வேண்டற்பாலது எனின், கூறுதும். நாம் கண்டு களிக்கும் பெருங்காடுகள் ஆளில்லா நிலமாக இருந்தனவல்ல. செரங்கெட்டிப் புல்வெளியில் மாடு மேய்த்து வாழ்ந்த மாசாய் மக்கள் 1959-ஆம் ஆண்டில் அதனை விட்டு இங்கோராங்கோரோப் பகுதிக்குப் பெயர்ந்தனர். அங்கிருந்தும் அவர்களிற் பலரைத் தொலைவிலுள்ள முசொமேரா என்னும் இடத்திற்குக் குடியேற்றும் வேலையைத் தான்சானிய அரசு 2022-ஆம் ஆண்டில் தொடங்கிற்று. அதுபற்றிப் பெரும்பூசல் எழுந்தது. ஆதலின், நாம் கொடுக்கும் பணம் நிலத்துக்குரியாரை அடைகின்றதோ என வினவுதல், நடுவுநிலைமையை உயிராகப் போற்றும் குடியிற் பிறந்தார்க்குக் கடமையாம்.

மூன்றாவது, ஓரிடத்தில் அமர்ந்திருந்து காணுதல். இது யாம் சென்று காணாதது, கேட்டறிந்தது. நமீபியா நாட்டில் எட்டோசா என்னும் உப்பு நிலம் உண்டு. சூழவும் வறட்சியாதலின் விலங்குகள் நீர்த்துறையை நாடி வந்தே தீரும். ஒக்காகுயேயோ என்னும் தங்குமிடத்தில், நீர்த்துறைக்கு எதிரே தாழ்ந்த மதிலுக்கு இப்பாற் பலகைகள் இட்டுள்ளனர்; இரவில் மங்கிய விளக்கொளியும் உண்டு. மக்கள் வாய்திறவாது அமர்ந்திருக்க, கருங்காண்டாமிருகமும் யானையும் தாமே வந்து நீருண்டு செல்கின்றன. துரத்துவார் இல்லை, துரத்தப்படுவதும் இல்லை. நடக்கவியலாத முதியோர்க்கு இதனினும் சிறந்த முறை வேறில்லை.

நான்காவது, தாமே வண்டியோட்டிச் செல்லுதல். தென்னாப்பிரிக்காவிலுள்ள குரூகர் தேசியப் பூங்கா 1926-ஆம் ஆண்டில் அப்பெயர் பெற்றது. அங்கே நற்பாதைகளும் அரசு விடுதிகளும் உள. தார்ச்சாலையில் மணிக்கு 50 கிலோமீட்டர், மண்சாலையில் 40 கிலோமீட்டர் என்பதே உயர்ந்த வேகம். குறித்த இடங்களிலன்றி வண்டியினின்று இறங்கலாகாது. கதிரவன் மறையுமுன் வாயிலுக்குள் வந்துவிடல் வேண்டும். செலவு குறைவு, காலமும் நம் கையில். பிள்ளைகளோடு செல்வார் ஒரு மரத்தடியில் ஒரு மணி நேரம் நிற்க விரும்பினும் தடுப்பார் இலர்.

ஐந்தாவது, நீர்வழி. அங்கோலா நாட்டு மலைகளிற் பெய்த மழைநீர் பல திங்கள் ஓடிவந்து, போட்சுவானாவில் மழையற்ற பருவத்தில் ஒக்கவாங்கோச் சமவெளியை நிறைக்கின்றது. கடலைச் சேராது மணலிலேயே பரந்து வற்றும் ஆறு அது. ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ அவை 2014-ஆம் ஆண்டில் அதனை உலகப் பாரம்பரிய இடங்களுள் ஆயிரமாவதாகச் சேர்த்தது. 'மொகோரோ' என்னும் ஒடுங்கிய ஓடத்தை ஒருவர் நின்று கோலால் ஊன்றிச் செலுத்துவார். பொறியின் ஓசையில்லை. நாணலிற் பற்றிய சிறு தவளையும் கண்ணுக்குத் தெரியும் என்பர் சென்றோர்.

இன்னும் சில முறைகள் உண்டு. வெப்பக்காற்றுக் கூண்டில் விடியற்காலை ஒரு மணி நேரம் வானிலே மிதந்து காண்பார் உளர். பொருள் மிக வேண்டும். ருவாண்டா, உகாண்டா மலைக்காடுகளில் நடந்துசென்று மலைக்கொரில்லாக்களைக் காண்பாரும் உளர். உலகில் ஆயிரத்திற்குச் சற்று மேற்பட்டனவே எஞ்சியிருக்கும் அவ்வினத்தின் ஒரு கூட்டத்தைக் காண நாளொன்றுக்கு எண்மரையே விடுவர்; அதுவும் ஒரு மணி நேரமே. ருவாண்டா அரசு 2017 முதல் அதற்கு ஆளொன்றுக்கு 1,500 டாலர் பெறுகின்றது. பதினைந்து வயது நிரம்பாதார் செல்லலாகாது.

புகைவண்டிச் சாளரத்தின் வழியாகவும் காணலாம். 2017-ஆம் ஆண்டில் தொடங்கிய மொம்பாசா–நைரோபி இருப்புப்பாதை சாவோ என்னும் கானகத்தை ஊடறுத்துச் செல்கின்றது. அந்நிலத்துச் செம்மண் படிந்து யானைகள் செந்நிறமாகத் தோன்றின. அவ்வழியிற் செல்லும் இந்தியர் ஒருகணம் தலைவணங்கற்பாலர். 1896 முதல் 1901 வரை அங்கே முதலிற் பாதை அமைத்தபோது ஏறத்தாழ 32,000 இந்தியத் தொழிலாளர் சென்றனர். அவருட் பெரும்பாலார் பஞ்சாபியர். நோயாலும் விபத்தாலும் ஏறத்தாழ 2,500 பேர் மாண்டனர். 1898-ஆம் ஆண்டில் சாவோ ஆற்றுப் பாலம் கட்டுங்கால் இரண்டு சிங்கங்கள் கூடாரம் புகுந்து தொழிலாளரை இழுத்துச் சென்றன. அச்சிங்கங்களின் உடல்கள் பாடஞ்செய்யப்பட்டுச் சிகாகோ நகரக் காட்சிச்சாலையில் நிற்கின்றன. இறந்த தொழிலாளருட் பலர்க்குப் பெயர் எழுதிய கல்லும் இல்லை.

செல்லவிருக்கும் குடும்பத்தார்க்குச் சில சொற்கள். கென்யா சென்று திரும்புவார் மஞ்சட்காய்ச்சல் தடுப்பூசிச் சான்று வைத்திருத்தல் வேண்டும். புறப்படுதற்குப் பத்து நாளேனும் முன்னரே அரசு ஏற்புப் பெற்ற நிலையத்தில் ஊசி இட்டுக்கொள்க. மலேரியாத் தடுப்பு மருந்தினை மருத்துவரைக் கேட்டு உண்க. பிளாஸ்டிக் பை அந்நாட்டில் 2017 முதல் விலக்கப்பட்டுள்ளது. மாரா உயர்ந்த நிலமாதலின் விடியலிற் குளிரும், கம்பளி வேண்டும். மரக்கறி உண்பார் அஞ்சவேண்டா; சப்பாத்தியை அந்நாட்டார் அப்பெயராலேயே வழங்கி உண்கின்றனர். பன்னிரண்டு வயது நிரம்பாத சிறாரை நடைச்செலவிற் பெரும்பாலும் சேர்த்துக்கொள்ளார். அவர்களோடு செல்வார்க்கு வண்டியும் நீர்த்துறையுமே பொருந்தும்.

இறுதியாக, பணங் கட்டுமுன் மூன்று வினாக்களை வினவுக. ஒரு விலங்கருகே எத்தனை வண்டிகள் நிற்கும்? நிலத்துக்குரியார்க்கு நம் பணத்திற் பங்குண்டோ? நாள்தோறும் இடம்விட்டு இடம் ஓடாமல் ஓரிடத்தில் இரண்டு மூன்று நாள் தங்க இயலுமோ? இவற்றிற்கு நேரான விடை கூறுவாரிடமே பணத்தைக் கொடுக்க. அங்குச் சென்றபின் ஓட்டுநரை விரட்டற்க. "உமக்கு எது நன்றென்று தோன்றுகின்றதோ அதனைக் காட்டுக" என்று மட்டும் சொல்லுக. இனாம் கொடுக்க விரும்பின், நின்ற இடத்தில் நிற்றற்காகக் கொடுக்க.

யாம் எடுத்த சிவிங்கிப் படம் இன்னும் எம்மிடம் உள்ளது. பார்ப்பவர் அழகென்று புகழ்வர். எம் இல்லாள் மட்டும் அதனைப் பார்ப்பதில்லை. "அந்த யானைக் கன்று தும்பிக்கையால் நீருண்ணக் கற்றிருக்குமோ?" என்று இன்றும் இடையிடையே வினவுவர். அதற்கு விடை எம்மிடம் இல்லை. இருந்து காணவேண்டியதை விட்டு ஓடினோமாதலின். நம்மிற் செல்வார் அவ்விடையோடு திரும்பி வருவாராக! அவர்கள் செலவு இனிதாகுக!